சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோம்

வேதாகமத்தில் வருகிற ஏதோம் தேசம் எங்கே இருக்கிறது என்று அந்த வருஷங்களில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டியிருப்பேன். என் அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கேதான் என் கூடப்பிறந்த அண்ணன் குடியிருந்தான். நேரில் பார்த்தால் அவனை நீங்க, வாங்க என்றுதான் சொல்லுவேன். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் நேரில் பேசுவதே நின்றுபோன பிறகு மனதுக்குள் அவன் வெறும் 'அவன்' ஆகிவிட்டான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். இந்த வயதில் மரியாதையைப் புதிதாகக் கொண்டுவந்து ஒட்டவைக்க எனக்குத் தெரியாது.

மூணாறு பக்கம், பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. லயம் என்றால் தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். எங்களுடையது வெள்ளைக்காரன் காலத்தில் செலவைக் குறைக்க முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியது. கிழக்கே பார்த்து ஒரு வரிசை, மேற்கே பார்த்து ஒரு வரிசை, நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரைத் தகரம் வரை போய்த் தொடாது. மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் இந்த வீட்டில் தும்மல் வரும். ஒரு வீட்டு ஜெபம், வேண்டாம் என்றாலும், இரண்டு வீட்டு ஜெபமாகத்தான் இருக்கும்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அவர்கள் போன பிறகு இந்த மலையில் எனக்கு இரத்த சம்பந்தம் என்று சொல்லிக்கொள்ள அண்ணன் ஒருத்தன்தான். எனக்குக் கல்யாணம் ஆகியும் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் கவாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியின் தலையை ஒரே மட்டமாகக் கழிக்கிற வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மழையில், நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். மனிதர் செத்ததையே நான் இன்னும் நம்பாமல் இருந்தபோது, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது.

தோட்டத்தில் வீடு ஆளுக்கு இல்லை, பேருக்கு. ஆபீஸில் யார் பேர் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறதோ அவருக்கு வீடு. பேரை வெட்டினால் வீடும் போயிற்று. நான் அப்போது கொழுந்து கூடுதலாக வரும் மாதங்களில் மட்டும் கூப்பிடுகிற தற்காலிக ஆள். என் பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆன ஒருத்தன் வீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசரும் இரண்டு ஆட்களும் தூறலில் வந்து, கட்டிலையும் பானைகளையும் அம்மிக்கல்லையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்கள். முரட்டுத்தனமாக ஒன்றும் செய்யவில்லை. வேதப்புத்தகத்தை நனையாமல் ஒருத்தர் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் தேயிலை ஃபேக்டரியில் மேஸ்திரி. ஆபீஸில் அவன் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. "அது என் தங்கச்சி, ஒரு மாசம் பொறுங்க" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார்கள். கிழக்கு வரிசை வாசல்களுக்கு எதிரே எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய், அந்தப் பைப்படியில் அவன் நின்றான். தலையில் கம்பளி, கையில் குடை, குடையை விரிக்கக்கூட இல்லை. என் சாமான்கள் வெளியே வருவதை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஃபேக்டரிச் சங்கு ஊதியது. திரும்பிப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டான். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். நின்று பார்த்ததை எப்படி மறப்பது?

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தேன். பிறகு ஒரு கொழுந்துக்காரி ஊருக்குப் போய்விட, அவள் இடத்தில் என் பேரைப் போட்டார்கள். பேர் வந்தால் வீடு வரவேண்டும் அல்லவா? வந்தது. மழை ஒழுகுகிறது என்று யாரும் கேட்காத மேற்குப் பார்த்த வீடு. அண்ணன் வீட்டுக்குச் சரியாக முதுகுப் பக்கம். தெரிந்து கொடுத்தார்களா, தெரியாமல் கொடுத்தார்களா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். மதினி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். அவர்கள் மகன் போடியில் கடை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள், இந்தப் பக்கம் ஓர் ஆள். நடுவில் பேச்சு இல்லை.

ஒருத்தருக்காகச் சமைப்பது எவ்வளவு கேவலமான வேலை என்று எனக்கு அந்த வீட்டில்தான் தெரிந்தது. பானையைக் கழுவும்போது யாருக்காகக் கழுவுகிறோம் என்று தோன்றும். சாயங்காலம் மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும். கதவைச் சாத்திவிட்டு விளக்கை ஏற்றினால், மறுநாள் காலை கொழுந்துக் காட்டில் பேர் கூப்பிடும்வரை என் பேரை யாரும் சொல்ல மாட்டார்கள். அழுகை வரும். அழுவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமே என்று சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வேன்.

சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்லுவோம். எங்கள் சின்னக் கோவிலுக்கு ஆராதனை நடத்த உபதேசியார் ஞாயிறு விட்டு ஞாயிறு மூணாறிலிருந்து வருவார். என்னைவிட இளையவர். ஏதோ ஆசையில் அந்த வருஷம் தீர்க்கதரிசிகளை வரிசையாகப் பிரசங்கம் பண்ணத் தொடங்கினார். தமஸ்கு, தீரு, நினிவே, பாபிலோன் என்று தேசம் தேசமாகக் கடவுள் நியாயத்தீர்ப்புச் சொல்லுகிற பகுதிகள். ஒரு தேசமும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பெரிய ஊர் மதுரை. வாரமெல்லாம் கொழுந்து எடுத்த கைகள் மடியில் கிடக்க, பெண்கள் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நானும் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், ஏதோம் வரும்வரை.

ஏதோம் என்பது இஸ்ரவேலின் அண்ணன் வம்சம். கன்மலை வெடிப்புகளில், உயரத்தில், என்னை யார் கீழே தள்ள முடியும் என்ற தைரியத்தில் குடியிருந்த ஜனம். தம்பி வம்சத்தின் ஊருக்குள் அந்நியர் புகுந்து சாமான்களைத் தூக்கிக்கொண்டு போன நாளில், அந்த அண்ணன் எதிர்ப்பக்கத்தில் நின்றான். நின்று பார்த்தான். அதற்காகவே அவனுக்கு ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறது, ஒரே அதிகாரம் உள்ள ஒரு குட்டிப் புத்தகம் முழுவதும் அவனுக்குத்தான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அவன் கொள்ளையிலும் பங்கு எடுத்தான் என்று அடுத்து வருகிறது. முதல் குற்றம் என்னவோ நின்றதுதான். உபதேசியார் அதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. கம்பளியும், விரிக்காத குடையும், பைப்படியும் மட்டும்தான் அதில் எழுதியிருக்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டம் வந்தால் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் ஒரு சுகத்தின் வசனத்தைப் பிடிப்பாள். வேலையில்லாத பையன் ஒரு வாக்குத்தத்தத்தைப் பிடிப்பான். தினமும் அதையே வாய்விட்டுச் சொல்லி, நீர் சொன்னீரே, செய்யும் ஆண்டவரே என்று கேட்க வேண்டும். ஏதோமின் நியாயத்தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை. நான் பிடித்தேன். தினமும் சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து முழங்காலில் நின்று, மேலே உள்ள இடைவெளி வழியாகப் போகும்படி சத்தமாக: ஆண்டவரே, உயரத்தில் குடியிருக்கிற ஏதோமைப் பாரும், நின்று பார்த்தவனைப் பாரும், அவன் செய்தது அவன் தலையில் திரும்பட்டும். அண்ணன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏதோம் என்றுதான் சொன்னேன். அவனுக்கும் வேதம் தெரியும், யாரைச் சொல்கிறேன் என்று விளங்காமலா போகும்?

என் வரிசையில் கொழுந்து எடுக்கிற ஒருத்தி இருந்தாள், பக்கத்து வீட்டுக்காரி, மாரியம்மன் கும்பிடுகிறவள். அவளுக்கும் தினமும் கேட்டிருக்கும். ஒருநாள் கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே, "அக்கா, பக்கத்து வீட்டுக்காரனைச் சபிக்கிறதுக்கு உங்க புஸ்தகத்துல தனியா ஒரு பாகமே இருக்கா? எங்களுக்கெல்லாம் மண்ணை வாரித் தூத்துறது ஒண்ணுதான் தெரியும்" என்றாள்.

"சாபம் இல்ல. நியாயத்தீர்ப்பு" என்றேன்.

"என்ன வித்தியாசம்?"

"சாபம் நாம குடுக்கிறது. இது மேல இருந்து வாரது."

"அப்ப மேல இருக்கறவருக்கு நீங்க ஏன்க்கா தினமும் ஞாபகப்படுத்தணும்? அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும். அது பாட்டுக்கு வரட்டுமே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை. பேசாமல் இருக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது குடும்பத்திலேயே உண்டு.

ஏதோம் ஓர் அதிகாரம்தான். எத்தனை நாள் அதையே சொல்லுவது? இன்னும் காரமான வார்த்தை கிடைக்குமா என்று மற்ற தேசங்களுக்குள் போனேன். சந்தைக்குப் போகிற மாதிரிதான் போனேன். தீரு நல்ல வியாபார ஊர், கப்பல் கவிழ்ந்த மாதிரி கவிழ்கிறது. நினிவேயின் விழுகையைக் கேட்டவர்கள் எல்லாரும் கை கொட்டுகிறார்கள். அது எனக்கு மிகவும் பிடித்தது. அப்படியே போய் மோவாபில் மாட்டிக்கொண்டேன்.

மோவாப் இஸ்ரவேலின் பழைய விரோதி. அவனுக்குத் தண்டனை சொல்லவந்த தீர்க்கதரிசி, ஊர் ஊராகப் பேர் சொல்லித் தண்டனையை வாசித்துக்கொண்டே போகிறவர், நடுவில் அழத் தொடங்கிவிடுகிறார். அவர்களுடைய திராட்சைத் தோட்டம் பாழாகிவிட்டதே என்று அழுகிறார். அறுப்புக்காலத்துச் சந்தோஷம் நின்றுவிட்டதே என்று தன் நெஞ்சு புலம்புவதாகச் சொல்லுகிறார். எனக்கு எரிச்சலாகிவிட்டது. ஐயா, நீர் தீர்ப்புச் சொல்ல வந்தீரா, துட்டி கேட்க வந்தீரா? எங்கள் ஊரில் துட்டி வீட்டுக்கு, பேச்சு வார்த்தை இல்லாதவர்களும் போவார்கள்தான். வாசலில் நின்று ஒரு மூச்சு அழுதுவிட்டு வருவார்கள். அது சாவு விழுந்த பிறகு. இவர் சாவு விழும் முன்பே போய், விரோதியின் வாசலில் நின்று அழுகிறார். இப்படி அழுகிற மனிதரிடம் என் ஏதோமை எப்படி நம்பி ஒப்படைப்பது?

அடுத்த முறை உபதேசியார் வந்தபோது கோவில் வாசலில் மறித்துக் கேட்டேன். அவருக்குச் சளி, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இந்த வார்த்தையெல்லாம் மோவாபுக்கோ ஏதோமுக்கோ போய்ச் சேந்திருக்கவே சேந்திருக்காது. எருசலேம்ல நின்னு சொன்னது. கேட்டதெல்லாம் சொந்த ஜனங்கதான். அப்போ யாருக்காகச் சொல்லியிருக்கணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டு மேட்டிலிருந்து இறங்கி ஓடினார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். போய்ச் சேராதாம். நான் தொண்டை கிழியச் சொல்லுவது எனக்கேவா? இன்னொரு தீர்க்கதரிசியைத் திறந்தேன். அவர் அதைவிட மோசம். தமஸ்கில் தொடங்குகிறார், காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ள தேசங்களின் குற்றத்தை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். கேட்கிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியிருப்பார்கள். வட்டம் சுருங்கிச் சுருங்கி யூதாவுக்கு வருகிறது, கடைசியில் அவர் நின்று பேசுகிற தேசத்தின்மேலேயே வந்து இறங்குகிறது. எங்கள் மலையில் மேகம் அப்படித்தான் வரும். முதலில் எதிர்மலை மறையும், பிறகு பவர் ஹவுஸுக்கு இறங்குகிற பெரிய குழாய்கள் மறையும், பிறகு பைப்படி, பிறகு நம் கையே தெரியாது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று ஜெபிக்கவில்லை. மறுநாளும், அதற்கடுத்த நாட்களும் ஜெபிக்கவில்லை. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அப்படி இருந்த ஒரு சாயங்காலம், சுவரில் சத்தம் கேட்டது. டக், டக். இரண்டே தட்டு. அந்தப் பக்கத்திலிருந்து, நான் வழக்கமாக முழங்காலில் நிற்கும் இடத்துக்கு நேராக.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கேலியா? என்ன தங்கச்சி, உன் கடவுள் களைத்துவிட்டாரா என்று கேட்கிறானா? உயரத்தில் குடியிருக்கிற திமிர் என்று எழுதியிருப்பது இதுதான் என்று நினைத்தேன். அந்த நிமிஷமே முழங்காலில் விழுந்து தொடங்கினேன். அன்று போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டி, "அக்கா, பாம்பு கீம்பு வந்துட்டா?" என்று கேட்டாள். அழுகிற தீர்க்கதரிசியும் சுருங்குகிற வட்டமும் அத்தோடு போயிற்று. பிறகு வருஷக்கணக்கில் ஏதோமை விடவே இல்லை. இன்றுவரை அதற்காக நான் வருந்தவும் இல்லை. என் வாயில் வேறு என்ன இருந்தது?

தீர்ப்பு வந்தது. அக்கினியோ பூமியதிர்ச்சியோ ஒன்றும் இல்லை. வயது வந்தது, அவ்வளவுதான். அண்ணனுக்கு வேலையிலிருந்து நிற்கிற வயதாகிவிட்டது. மகன் மலைக்கு வர மாட்டேன் என்றுவிட்டான், அந்தப் பேரை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. பேரை வெட்டினார்கள். வீடு காலி. வேறொரு சூப்பர்வைசர், வேறு இரண்டு ஆட்கள், ஆனால் அதே தூறல்.

செய்தி லயம் முழுவதும் முன்பே பரவியிருந்தது. காலையிலிருந்தே பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வை வேறாக இருந்தது, கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, ஒங்க புஸ்தகம் பலிச்சிருச்சு. எம்மேல கோபம் இருந்தா இப்பவே சொல்லிருங்க, கால்ல விழுந்துர்றேன்" என்றாள். அவள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள்.

நான் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, லயத்தைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனேன். இத்தனை வருஷம் கேட்டது கிடைக்கும்போது கண்ணால் பார்க்க வேண்டாமா? அவன் கட்டில் வெளியே வந்தது. ஒரு தகரப் பெட்டி. மதினியின் அம்மிக்கல். ஒரு சட்டி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஒருத்தருக்காகச் சமைக்கிற சாமான்கள். அதே மாதிரிச் சாமான்களைத்தான் நான் என் வீட்டில் தினமும் கழுவியிருக்கிறேன். அவன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், யாரையும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி ஒருத்தி குடத்தை வைக்க வந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, தண்ணி பிடிக்கணும்" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், நான் நின்றது பைப்படியில்.

தேசங்களின் தீர்ப்பை அத்தனை வருஷம் வாசித்தேனே, அந்த ஒரு நிமிஷத்தில்தான் அது எனக்கு விளங்கியது. ஏதோம் என்பது ஒரு ஊர் இல்லை, ஒரு ஆளும் இல்லை. நிற்கிற இடம். யார் வந்து நின்றாலும் அவர் ஏதோம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது சதையா, அந்த வசனத்தின் பயமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கால் நகர்ந்தது. நேராகப் போய் அந்தத் தகரப் பெட்டியின் மேல் கையை வைத்தேன்.

"ஐயா, இது பஸ்ஸுக்குப் போக வேண்டாம்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "பின்னால என் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுங்க. எங்க அண்ணன் என்கூட இருப்பாவ. எம்பேருல வீடு இருக்கு. ஒண்ணுக்கு ரெண்டு தட்டமா வைக்கப் போறேன், தோட்டத்துக்கு என்ன நஷ்டம்?"

சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். அவர் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு கிட்டத்தில் பார்க்கிறேன், புருவமெல்லாம் நரைத்திருந்தது. "வேண்டாம் ஐயா" என்று அவரிடம் சொன்னான். "பெட்டி போடிக்குத்தான் போகுது. மகன் வரச் சொல்லியிருக்கான்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் பெட்டியை விடவில்லை. ஒரு கைப்பிடியை அவன் பிடிக்க, மறு கைப்பிடியை நான் பிடிக்க, பஸ் நிற்கும் வளைவுவரை தேயிலைக்கு நடுவில் இறங்கி நடந்தோம். கட்டிலையும் அம்மிக்கல்லையும் அடுத்த லாரியில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் அண்ணே, என் வீட்டுல இருந்தா என்ன? நான் என்ன அந்நியமா?"

அவன் நடந்துகொண்டே சொன்னான். "உன் வீட்டுக்குள்ள நான் வந்து உக்காந்துட்டா, சாயங்காலம் நீ யாரைப் பாத்து ஏதோமுக்கு ஜெபம் பண்ணுவ?"

அவன் சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தான்.

"கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேக்காம? உன் மதினி போனதுக்கப்புறம் அந்த வீட்டுல வேற என்ன சத்தம் இருந்துச்சு. ஃபேக்டரியில இருந்து வந்து, வெந்நியப் போட்டு ஒரு டம்ளர் குடிச்சிட்டு, சுவத்துல சாஞ்சி உக்காந்திருப்பேன். நீ ஆரம்பிப்ப. என்னைப் பத்திப் பேசுறதுக்கு இந்த மலையில வேற யாரு இருந்தா சொல்லு."

பெட்டியைக் கீழே வைத்தோம். கனம் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் நிற்க வேண்டியிருந்தது.

"நடுவுல ஒரு நாலஞ்சு நாள் நிறுத்திட்ட" என்றான். "தகரத்துக்குக் கீழ உன் விளக்கு வெளிச்சம் தெரியுது, சத்தத்தைக் காணோம். காய்ச்சல்ல கெடக்கியோ, என்னமோன்னு எனக்குப் பயமாப் போச்சு. வந்து கதவைத் தட்ட முகம் இல்ல. அதான் சுவத்தத் தட்டிப் பாத்தேன். தட்டின ஒடனே ஆரம்பிச்சிட்ட. தங்கச்சி உசுரோடதான் இருக்கான்னு நிம்மதியாப் போச்சு. அன்னிக்குத்தான் தூங்கினேன்."

இத்தனை வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது, எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி. அதைக் கேட்டேன். "அன்னிக்கு ஏன் அண்ணே அப்படி நின்னீங்க?"

"பயந்துட்டேன்ட்டி" என்றான். "உனக்காக வாயத் தொறந்தா எம்பேரையும் வெட்டிருவானோன்னு. வேற பெருசா ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன்."

ஏதோமும் பயந்துதான் நின்றிருக்கும். உயரத்தில் குடியிருந்தவன் திமிரில் நின்றான் என்றுதான் எழுதியிருக்கிறது. பயத்தில் நின்றான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. வளைவில் பஸ் வந்தது. கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றினார். அண்ணன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, "மழையில நிக்காத, போ" என்றான். பஸ் மூணாறு பக்கம் ஏறி மறைந்தது. நான் அழுதேன். சேலைத்தலைப்பை வாயில் அடைக்கவில்லை, அங்கே யாருக்கும் கேட்காது.

அன்று சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டு, பழக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறந்து மோவாபுக்காக அழுகிற பகுதியைச் சத்தமாக வாசித்தேன். உபதேசியார் சொன்னது தப்பு. ஏதோமுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு வார்த்தையும். அந்த மனிதர் ஏன் தீர்ப்புக்கு நடுவில் அழுதார் என்று இப்போது எனக்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசித்து முடித்தேன். தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மேலே அந்த இடைவெளியில் வெளிச்சம் இல்லை.

விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். அந்த வீட்டில் ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும்.